கைவிளக்கு ஏந்தியவர் கேட்ட கேள்விகள்

மாணவர்களே, மே 12-ஆம் நாளை உலகம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. அது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலேயே அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்முனை மருத்துவமனையில், நள்ளிரவில், விளக்கோடு நடந்து சென்ற அந்தப் பெண்மணியின் படத்தை மறப்பது கடினம்.

ஆனால், போர்முனையிலிருந்து திரும்பிய பிறகு அவர் இன்னும் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றில் பெரும்பகுதியை அவரே ஒரு நோயாளியாகக் கழித்தார் என்பது பலருக்குத் தெரியாது. படுக்கைக்கு அருகில் நின்று நோயாளியைப் பார்த்தவர், பிறகு படுக்கையில் கிடந்து உலகத்தைப் பார்த்தார். அந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்து அவருக்கு ஓர் உண்மையைக் கற்றுக் கொடுத்தன. நீண்ட நாள் நோயாளியின் மனமும் நோகிறது. ஆனால், சரியாகக் கேட்காதவரை அது வாய் திறப்பதில்லை.

இந்த உண்மை கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டப் புறங்களிலும் வாழும் நமக்கு மிகவும் நெருக்கமானது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, ரவாங், களும்பாங் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பிள்ளைகளை வளர்த்த தாத்தா பாட்டிகளில் பலர் இன்று இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றோடு வாழ்கிறார்கள். நள்ளிரவில் மூச்சு முட்டினாலோ சர்க்கரை அளவு திடீரென இறங்கினாலோ, அவர்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே ரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. சர்க்கரை அளவு பார்க்கப்படுகிறது. நெஞ்சுத் துடிப்பு பதிவாகிறது. மனம் எப்படி இருக்கிறது என்பதை யார் பார்ப்பது?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நைட்டிங்கேலின் வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள்.

வசதியான வீடு, வாடிய மனம்

ஃபுளோரன்ஸ் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். குடும்பம் பெரும் செல்வமுடைய ஆங்கிலேயக் குடும்பம். தந்தை வில்லியம் நைட்டிங்கேல் தம் இரண்டு மகள்களுக்கும் தாமே கிரேக்கம், லத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைக் கற்பித்தார். ஃபுளோரன்சுக்குக் கணிதத்தின் மீது தனி ஆர்வம். எதையும் எண்ணிக் கணக்கிட்டுப் பட்டியல் போடும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது.

16 வயதில், 1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். நோயாளிகளைப் பராமரிப்பதே அந்தத் தொண்டு என்பது சில ஆண்டுகளில் அவருக்குத் தெளிவாயிற்று. வீட்டில் சொன்னபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்தில் மருத்துவமனைப் பணி மதிப்பற்ற வேலையாகக் கருதப்பட்டது. செல்வர் வீட்டுப் பெண்ணுக்குத் திருமணமும் விருந்துகளும்தான் வாழ்க்கை என்று தாய் நம்பினார்.

அடுத்து வந்த ஆண்டுகள் கொடுமையானவை. ஃபுளோரன்சுக்கு எந்தக் குறையும் இல்லை என்றே வெளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால், 30 வயதை எட்டியபோது, வாழ்வதில் விருப்பமே இல்லை என்னும் அளவுக்கு அவர் மனம் சோர்ந்திருந்தது. தம் நாட்குறிப்புகளில் அதை எழுதி வைத்தார். வீட்டாரிடம் சொல்ல முடியவில்லை. சிரித்த முகத்தோடு விருந்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் உள்ளுக்குள் உடைந்திருக்கலாம் என்பதை அவர் தம்மைக் கொண்டே அறிந்தார்.

1851-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் இருந்த தொண்டு மருத்துவமனையில் ஏறக்குறைய 3 மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853-ஆம் ஆண்டு லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். நோயாளி படுத்தபடியே தாதியை அழைக்க மணி, மாடிகளுக்குக் குழாய் வழியாக வெந்நீர், உணவை மேலே ஏற்றும் இயந்திரத் தூக்கி ஆகியவை வேண்டும் என்று கேட்டார். தாதி படிக்கட்டில் ஏறி இறங்கிக் களைக்கக்கூடாது. அந்த நேரம் நோயாளிக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஸ்குட்டாரியின் நீண்ட இரவுகள்

1854-ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் ஒரு பக்கமாக நின்று ரஷ்யாவோடு கிரிமியாவில் போரிட்டன. காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கப்பலில் ஏற்றப்பட்டு, இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்குட்டாரிக்குக் கொண்டு வரப்பட்டார்கள். அங்கே அவர்கள் படும் துன்பம் நாளேடுகளில் வெளிவந்ததும் நாடே கொதித்தது. போர்த்துறை அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். அவர் கேட்டுக்கொண்டபடி, 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்டு நவம்பர் தொடக்கத்தில் ஸ்குட்டாரி சேர்ந்தார்.

அங்கே கண்டது மருத்துவமனையே அல்ல. பழைய படைமுகாம் ஒன்றில் தரையெல்லாம் நோயாளிகள். கழிவுநீர்க் கால்வாய்கள் அடைத்துக் கிடந்தன. துணி இல்லை, சோப்பு இல்லை, நல்ல உணவு இல்லை. மருத்துவர்கள் முதலில் தாதியரை உள்ளே விடவே தயங்கினார்கள். காயமுற்றவர்கள் அலை அலையாக வந்து குவிந்த பிறகுதான் கதவு திறந்தது. ஒரு வகையில், அந்தக் கட்டடம் முழுவதுமே ஓர் அவசர சிகிச்சைப் பிரிவாக இருந்தது.

பகலெல்லாம் சமையலறை, துணி துவைத்தல், மருந்துப் பொருள் கணக்கு. இரவில் விளக்கோடு படுக்கை வரிசைகளினூடே நடப்பார். பகலின் இரைச்சலில் எதுவும் சொல்லாத வீரன், இரவில் தூங்காமல் கூரையைப் பார்த்துக் கிடப்பான். அவனைப் பார்ப்பதற்கும் அந்த நடை உதவியது.

உடலுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது என்பதை அவர் செயலிலும் காட்டினார். எழுத முடியாத வீரர்களின் கடிதங்கள் ஊர் போய்ச் சேர வழி செய்தார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தாமே எழுதினார். சற்றுத் தேறியவர்கள் குடியில் விழுந்துவிடாமல் இருக்கப் படிப்பறைகளைத் திறந்தார். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்ப ஓர் ஏற்பாடு செய்தார். வீரர்கள் குடிகாரர்கள், அவர்கள் பணம் அனுப்ப மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய 71,000 பவுன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

எண்கள் சொன்ன கசப்பு

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அவர் வந்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 100-க்கு 42 பேர் என்ற அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து கால்வாய்களைச் சுத்தம் செய்து, குடிநீரையும் காற்றோட்டத்தையும் சரிசெய்தது. ஜூன் மாதத்தில் அந்த அளவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து 1856 ஆகஸ்டில், வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று வேறு பெயரில் பயணம் செய்து, அவர் அமைதியாக வீடு திரும்பினார். பிறகு வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞரோடு சேர்ந்து மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். வீரர்கள் இறந்ததற்கு நல்ல உணவின்மையும் தாமதமான சிகிச்சையுமே காரணம் என்று அதுவரை நம்பியிருந்தார். அசுத்தமான கட்டடமே பெருங்காரணம் என்று எண்கள் காட்டின. தம் கண்ணெதிரில் இருந்த ஆபத்தைத் தாமே காணவில்லை என்ற உண்மையை அவர் மறைக்கவில்லை. அந்த எண்களை வட்ட வடிவ வரைபடமாக்கி, அரசாங்கத்தின் முன் வைத்தார். 1858-ஆம் ஆண்டு பிரிட்டனின் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

படுக்கையின் மறுபக்கம்

1855 மே மாதம் கிரிமியாவுக்குச் சென்றிருந்தபோது கடும் காய்ச்சல் அவரைத் தாக்கி, சாவின் விளிம்பு வரை கொண்டு சென்றது. பிழைத்தாலும் அந்த நோய் அவரை முழுமையாக விடவில்லை. 1857 ஆகஸ்டில் உடல்நிலை முற்றாகக் குலைந்தது. நெஞ்சுப் படபடப்பு, உணவைக் கண்டால் குமட்டல், தூக்கமின்மை, பிறகு தாங்க முடியாத முதுகுத்தண்டு வலி. பல ஆண்டுகள் அவரால் நடக்கவே முடியவில்லை. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தூக்கித்தான் செல்ல வேண்டியிருந்தது.

விலங்குகளின் பால் வழியாகப் பரவும் புருசெல்லோசிஸ் என்னும் தொற்றாக அது இருந்திருக்கலாம் என்று இன்றைய மருத்துவ ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நோய் நாட்பட்டுப் போனால் முதுகுவலியோடு மனச்சோர்வையும் கொண்டுவரும். ஸ்குட்டாரி மரணங்களின் உண்மைக் காரணம் தெரிந்த அதிர்ச்சியும் அவரைச் சாய்த்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் சிலர் எண்ணுகிறார்கள். உடல் நோயா மன நோயா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டிய அவசியம் என்ன என்று நாம் கேட்கலாம்.

1861-ஆம் ஆண்டு இழப்பின் ஆண்டு. ஆகஸ்டில் சிட்னி ஹெர்பர்ட் மறைந்தார். நவம்பரில் அவருக்கு உதவியாக இருந்த கவிஞர் ஆர்தர் கிளஃப் மறைந்தார். அவர் மனம் இருண்டது. யாரையும் எளிதில் சந்திக்க மறுத்தார். நெருங்கியவர்களிடமும் கடுமையாகப் பேசினார். அந்தக் கடுமையை அவருடைய குணம் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டிலும் இது நடக்கிறது. சிடுசிடுக்கும் தாத்தாவை, அவர் எப்போதுமே அப்படித்தான் என்று சொல்லி ஒதுங்கிப் போகிறோம்.

சரியாகக் கேட்பது எப்படி?

நோயின் நடுவே, 1859-ஆம் ஆண்டு இறுதியில், தாதிமை பற்றிய தம் சிறு நூலை அவர் வெளியிட்டார். தாதியருக்கு மட்டுமன்றி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லாப் பெண்களுக்காகவும் எழுதப்பட்ட நூல் அது. காற்று, வெளிச்சம், சுத்தம், உணவு ஆகியவற்றோடு நோயாளியின் மனத்தையும் அதில் விரிவாகப் பேசுகிறார்.

நாள் முழுவதும் ஒரே சுவரைப் பார்த்துக் கிடப்பவருக்கு நினைவுகளும் ஒரே இடத்தில் சுற்றும். ஒரு பூவோ சன்னல் வழியே ஒரு காட்சியோ அவருக்கு மருந்தாகும் என்கிறார். நெடுநாள் நோயாளிக்கு ஒரு சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்கிறார். என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல் காத்துக் கிடப்பது, உடல் உழைப்பைவிட நோயாளியைக் களைக்கச் செய்யும் என்று எச்சரிக்கிறார். அறைக்கு வெளியே நின்று குசுகுசுப்பதைக் கண்டிக்கிறார். சீக்கிரம் குணமாகிவிடும் என்று மேலோட்டமாகச் சொல்லும் ஆறுதல், நோயாளியின் வாயை அடைக்கும் வேலையைத்தான் செய்கிறது என்பது அவர் கண்ட அனுபவம்.

அந்நூலில் மிக முக்கியமான பகுதி, நோயாளியைக் கூர்ந்து கவனிப்பது பற்றியது. இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பது பயனற்ற கேள்வி என்று காட்டுகிறார். ஒருவருக்கு நன்று என்பது மற்றொருவருக்கு மோசம். எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த நேரத்தில் விழித்தார் என்று கேட்டால்தான் உண்மை வரும். பதிலைக் கேள்விக்குள்ளேயே திணித்துக் கேட்டால், நோயாளி தலையாட்டிவிடுவார். கூச்சத்தாலும் களைப்பாலும் அவர் தாமாக எதையும் சொல்ல மாட்டார்.

இன்று உலகெங்கும் மனநலப் பரிசோதனை செய்பவர்கள் பின்பற்றும் வழியும் இதுதான்.

எழுந்து நடந்த முதுமை

படுக்கையிலிருந்தபடியே அவர் செய்த வேலை மலைக்க வைப்பது. 1860-ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் பல நாடுகளுக்குச் சென்று மருத்துவமனைகளைச் சீர்திருத்தினார்கள். இந்தியாவை ஒருமுறைகூட நேரில் காணாமலேயே அதன் சுகாதாரம், பஞ்சம், நீர்ப்பாசனம் பற்றி ஆண்டுக் கணக்கில் படித்தார், எழுதினார். ஏழையர் விடுதிகளில் நோயாளிகளையும் மனநலம் குன்றியவர்களையும் தீராத நோயுற்றவர்களையும் ஒரே இடத்தில் அடைத்து வைக்கக்கூடாது, அவரவர்க்குரிய பராமரிப்பு வேண்டும் என்று போராடினார்.

1880-களில் வலி தணிந்தது. மனமும் தெளிந்தது. முன்பு கடுமையாக இருந்தவர், பயிற்சித் தாதியரை வீட்டுக்கு அழைத்துப் பரிவோடு உரையாடும் முதியவரானார். வீடு நிறையப் பூனைகள் வளர்த்தார். 1907-ஆம் ஆண்டு பிரிட்டனின் உயரிய ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்ணானார். 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், 90 வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய வந்த அழைப்பைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. சிற்றூர்த் தேவாலயத் தோட்டத்தில், பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும் மட்டுமே பொறித்த கல்லின் கீழ் உறங்குகிறார்.

நம் வீட்டில் இரண்டு கேள்விகள்

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் உள்ளது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டுள்ளனர். இவை தனித்தனிக் கணக்குகள் அல்ல. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனம் சோர்ந்தவர் மருந்தைத் தவறவிடுகிறார். சாப்பாட்டில் அக்கறை போய்விடுகிறது. மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப் போடுகிறார். சர்க்கரை ஏறுகிறது. மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவு.

அந்தச் சுழலை நிறுத்துவதற்காகப் பல நாடுகளில் ஓர் எளிய பரிசோதனை பயன்படுகிறது. இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்த நாள்கள் எத்தனை? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்த நாள்கள் எத்தனை? ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால், மேலும் விரிவாகக் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிய பிறகு இதைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பசியின்மையும் களைப்பும் சிறுநீரக நோயாலும் வரும். ஆனால், இந்த இரண்டு கேள்விகளும் நாட்டத்தையும் மனநிலையையும் மட்டும் கேட்கின்றன. நைட்டிங்கேல் தூக்கத்தை மணிக்கணக்கில் கேட்டதுபோல, இங்கே சோர்வை நாள்கணக்கில் கேட்கிறார்கள்.

இது நோய் என்று தீர்ப்புக் கூறும் சோதனை அல்ல. கதவைத் தட்டும் சோதனை. கதவு திறந்தால் உள்ளே போய்ப் பார்க்க மருத்துவரும் ஆலோசகரும் இருக்க வேண்டும். கேட்டுவிட்டு விட்டுவிட்டால் பயனில்லை. எண்களைக் கண்டுபிடித்ததோடு நைட்டிங்கேல் நின்றிருந்தால் கால்வாய்கள் சுத்தமாகியிருக்குமா?

மாணவர்களே, இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களில் பலர், மனம் சரியில்லை என்று சொல்லிப் பழகாதவர்கள். நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் அசதி, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படும் கேள்வியை அவர்களுக்குத் தமிழில் சொல்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். பாட்டியின் பதிலைச் சுருக்காதீர்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் முன்னால் பேசத் தயங்கினால், தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ கிடைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலும் கேட்கலாம். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், நல்லா இருக்கேன்பா என்றுதான் பதில் வரும். அவருக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் பார்த்து, நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, எத்தனை தடவை எழுந்தீங்க, முன்பு போலக் கோயிலுக்குப் போக ஆசையா இருக்கா என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். கவலை தரும் பதில் வந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளாமல் பெற்றோரிடமோ அரசாங்க கிளினிக்கிலோ சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவையையும் அழைக்கலாம். வயது எதுவானாலும், உங்கள் மனம் சோர்ந்திருந்தாலும் அதே எண்தான்.

ஸ்குட்டாரியில் அந்த விளக்கின் வெளிச்சம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு முகத்தின் மீதுதான் விழுந்திருக்கும். ஒரு வீட்டில் ஒரு பேரப்பிள்ளை ஒரு பாட்டியிடம் கேட்பதற்கு அந்த வெளிச்சமே போதும்.